போகிக்குத் தப்பிய பெட்டி

நம் சங்க மலருக்கு இதுவரை நான் எழுதிய கட்டுரைகள் எல்லாம் வைப்புநிதி வட்டி, ஓய்வூதிய விதிகள், நாம் குழுவாகச் சென்றுவந்த கோயில்கள் என்ற எல்லைக்குள்ளேயே அடங்கும். இம்முறை வீடியோ கேம் பற்றி எழுதப் போகிறேன். எழுபத்தோரு வயதில் இவருக்கு ஏன் இந்த வேலை என்று வாசகர்கள் நினைக்கக் கூடும். என் மனைவியும் முதல் ஒரு மாதம் இதையேதான் கேட்டாள். சற்றுப் பொறுமையுடன் படிக்க வேண்டுகிறேன். வங்கியில் வேலை பார்த்தவன் எதை எழுதினாலும் அதில் ஒரு கணக்கு இருக்கும்.

2024 ஜனவரி 14, போகிப் பண்டிகை. டோம்பிவிலியில் உள்ள எங்கள் வீட்டுப் பரணைச் சுத்தம் செய்துகொண்டிருந்தேன். உடைந்த இஸ்திரிப் பெட்டி, பழைய காலண்டர்கள், பூஞ்சை பிடித்த சூட்கேஸ் எல்லாவற்றையும் ரத்திக்காரரிடம் போட எடுத்து வைத்தபோது, கயிறு கட்டிய அட்டைப் பெட்டி ஒன்று கிடைத்தது. அதற்குள் இரண்டு கைப்பிடிகள் இணைத்த ஒரு வீடியோ கேம் கருவி, மூன்று கார்ட்ரிட்ஜுகள், ஒரு கணக்கு நோட்டு.

கருவி என் மகனுடையது. 1993-இல் அவனுக்குப் பத்து வயதாக இருந்தபோது, லாமிங்டன் ரோட்டில் பேரம் பேசி வாங்கிக் கொடுத்தேன். ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனம் 1983-இல் வெளியிட்ட 'ஃபேமிலி கம்ப்யூட்டர்' என்ற கருவியின் நகல் அது. இத்தகைய நகல்கள்தான் அக்காலத்தில் நம் வீடுகளுக்குள் பல பெயர்களில் நுழைந்தன. ஒரு கார்ட்ரிட்ஜின் மேல் 9999 ஆட்டங்கள் என்று அச்சிட்டிருக்கும். உள்ளே இருபதைத் தாண்டாது. அதே ஆட்டங்கள் வேறு வேறு பெயரில் திரும்பத் திரும்ப வரும்.

மறு ஆண்டு அவன் ஆறாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வில் கணக்கில் மதிப்பெண் குறைந்தது. ஒருநாள் இரவு அவன் ஆடிக்கொண்டிருக்கும்போதே ஒயரைப் பிடுங்கிப் பெட்டியில் போட்டுப் பரணில் ஏற்றிவிட்டேன். "பரீட்சை முடியட்டும்" என்றேன். பிறகு பரீட்சைகள் முடியவே இல்லை. பத்தாம் வகுப்பு வந்தது, பன்னிரண்டு வந்தது, பொறியியல் வந்தது. அவனும் மறுபடி கேட்கவில்லை.

நோட்டைப் புரட்டினேன். முன்பக்கம் மீச்சிறு பொது மடங்கு, மீப்பெரு பொது வகுத்தி. கடைசிப் பக்கங்களில் பென்சிலால் வரைந்த படங்கள். கட்டங்கள், குழாய்கள், அம்புக்குறிகள். ஒவ்வொன்றின் தலைப்பிலும் 4-4, 7-4 என்று எண்கள். கடைசிப் படத்தின் தலைப்பு 8-4. அது பாதியில் நின்றிருந்தது. ஒரு குழாயின் அருகே பெரிய கேள்விக்குறி.

முப்பத்தைந்து ஆண்டுகள் லெட்ஜரோடு வாழ்ந்தவனுக்குப் பாதியில் நின்ற கணக்கைப் பார்த்தால் கை சும்மா இராது. பெட்டியை ரத்திக்காரரிடம் போடவில்லை. ஸ்டேஷன் அருகில் உள்ள சிறு கடையில் புதிய அடாப்டர் வாங்கினேன். மஞ்சள், வெள்ளை ஒயர்களைத் தொலைக்காட்சியில் செருகினேன். முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு அந்த இசை வீட்டில் ஒலித்தது. அன்று தொடங்கி அடுத்த போகி வரை ஓராண்டில் நான் முடித்த ஆட்டங்களைப் பற்றியும், முடிக்க முடியாதவற்றைப் பற்றியுமே இக்கட்டுரை.

நாற்பது கிலோபைட் உலகம்

முதலில் 'சூப்பர் மரியோ பிரதர்ஸ்'. ஷிகெரு மியாமோட்டோவும் தகாஷி தெசுகாவும் உருவாக்கி, 1985 செப்டம்பரில் ஜப்பானில் வெளிவந்தது. மீசை வைத்த மரியோ என்னும் மனிதர், ஆமை அரசன் சிறைபிடித்த இளவரசியை மீட்க ஓடித் தாவிச் செல்ல வேண்டும். எட்டு உலகங்கள், உலகத்துக்கு நான்கு கட்டங்கள், ஆக மொத்தம் 32 கட்டங்கள்.

இவ்வளவு பெரிய உலகம் முழுவதும் 40 கிலோபைட்டுக்குள் அடங்கியிருக்கிறது. இன்று நம் பேரக்குழந்தைகள் கைபேசியில் எடுக்கும் ஒரு புகைப்படம் நான்கு மெகாபைட் இருந்தால், அந்த ஒரு படத்தின் இடத்தில் நூறு மரியோவை வைக்கலாம். அதனால் ஆக்கியோர் மிகச் சிக்கனமாகக் குடும்பம் நடத்தியிருக்கிறார்கள். வானத்து மேகமும் தரையில் உள்ள புதரும் ஒரே படம்தான். மேகத்துக்கு வெள்ளை, புதருக்குப் பச்சை, அவ்வளவே வேறுபாடு. இதை நான் கண்டுபிடித்தபோது, ஒரே மாவில் இட்லியும் தோசையும் வார்க்கும் என் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இதுக்கா கூப்பிட்டீங்க?" என்று போய்விட்டாள்.

இந்த ஆட்டம் எதையும் எழுதிச் சொல்லித் தருவதில்லை. முதல் திரையில் வலப்பக்கத்திலிருந்து ஒரு பழுப்பு உருவம் வரும். சும்மா நின்றால் மோதிச் சாவோம். பயந்து தாவினால் தலைக்கு மேலுள்ள கட்டியில் முட்டுவோம். அதிலிருந்து ஒரு காளான் வெளிப்பட்டு உருண்டு போய், குழாயில் மோதித் திரும்பி நம்மிடமே வரும். பட்டால் மரியோ பெரியவனாகிறான். எதைத் தவிர்க்க வேண்டும், எதை எடுக்க வேண்டும் என்ற இரண்டு பாடங்களும் அரை நிமிடத்தில் முடிந்துவிடுகின்றன.

செத்துச் செத்துப் படிப்பது

பாடம் முடிந்ததே தவிர, கை பழகவில்லை. முதல் கட்டத்தைக் கடக்க எனக்கு நான்கு நாட்கள் ஆயின. பட்டனைத் தொட்டு விட்டால் சிறு தாவல், அழுத்திப் பிடித்தால் பெரும் தாவல் என்று அறிவுக்குத் தெரியும். கட்டைவிரலுக்குத் தெரிய வேண்டுமே!

இவ்வாட்டங்கள் ஏன் இவ்வளவு கடினம் என்று கேட்கலாம். இவற்றின் முன்னோடிகள் நாணயம் போட்டு ஆடும் கடை இயந்திரங்கள். அங்கே ஆட்டக்காரர் சீக்கிரம் தோற்றால்தான் அடுத்த நாணயம் விழும். வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் குணம் போகவில்லை. மேலும், சிறிய கார்ட்ரிட்ஜில் நீளமான கதை வைக்க இடமில்லை. அதனால் தொடர்ந்து ஆடினால் ஒரு மணி நேரத்தில் முடியக் கூடிய ஆட்டத்தை, முடிக்க மூன்று மாதம் ஆகும்படி செய்துவிட்டார்கள்.

ஆக்கியோருக்கே இது தொல்லையாக இருந்ததுண்டு. கொனாமி நிறுவனத்தில் பணியாற்றிய கசுஹிசா ஹஷிமோட்டோ, 'கிராடியஸ்' என்ற விண்கல ஆட்டத்தை 1986-இல் இக்கருவிக்கு மாற்றியமைத்தார். சோதித்துப் பார்க்க அவராலேயே ஆட்டத்தை முடிக்க முடியவில்லை. ஆகவே மேல் மேல், கீழ் கீழ், இடம் வலம், இடம் வலம், பி, ஏ என்று அழுத்தினால் எல்லா ஆயுதங்களும் கிடைக்கும்படி ஒரு ரகசியம் வைத்தார். அது வெளியான ஆட்டத்திலும் தங்கிவிட்டது. அதே ரகசியம் 1988-இல் இக்கருவிக்கு வந்த 'காண்ட்ரா' ஆட்டத்தில் முப்பது உயிர்களைத் தந்தது. ஜூன் மாதம் காண்ட்ராவை நான் அந்த முப்பது உயிர்களின் தயவில்தான் முடித்தேன். அது முடித்ததாகுமா என்று கேட்பவர்கள் வந்து என்னோடு ஆடிப் பார்க்கலாம்.

மார்ச் மாதம் நடந்ததைச் சொல்ல வேண்டும். ஒருநாள் மாலை இரண்டு மணி நேரம் போராடி மரியோவில் ஆறாம் உலகத்தை எட்டியிருந்தேன். மின்சாரம் போய்விட்டது. பத்து நிமிடத்தில் திரும்பி வந்தது. ஆனால் ஆட்டம் முதல் உலகத்தின் முதல் கட்டத்தில் நின்றது. காரணம் எளிது. இக்கருவியில் ஆட்டம் நடக்கும்போது பயன்படும் நினைவகம் இரண்டே கிலோபைட். நாம் எங்கே இருக்கிறோம், எத்தனை உயிர் மிச்சம் என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். மின்சாரம் நின்றதும் அது துடைத்தெடுத்தது போல் ஆகிவிடும். பின்னாளில் வந்த சில கார்ட்ரிட்ஜுகளில் சிறு பேட்டரி வைத்து அதைக் காத்தார்கள். மரியோவில் அந்த வசதி இல்லை.

எனக்கு வந்த கோபத்தில் கைப்பிடியைத் தரையில் வைத்துவிட்டு எழுந்து போனேன். பால்கனியில் நின்றபோதுதான் உறைத்தது. 1994-இல் அந்த இரவு நான் பிடுங்கியது வெறும் ஒயர் என்று இத்தனை ஆண்டுகளாக நினைத்திருந்தேன்.

மகன் பெங்களூரில் இருக்கிறான். ஞாயிறுதோறும் போன் வரும். உடம்பு எப்படி, மாத்திரை இருக்கிறதா, ஆச்சு, ஐந்து நிமிடம். அந்த ஞாயிறு நான் மின்வெட்டைச் சொன்னேன். சற்று நேரம் பேச்சில்லை.

"ஏ பட்டனை அழுத்திக்கிட்டே ஸ்டார்ட்டை அழுத்துங்கப்பா. கரண்ட் போனா ஒண்ணும் பண்ண முடியாது. ஆனா உயிரெல்லாம் போய் ஆட்டம் முடிஞ்சா, எந்த உலகத்துல செத்தீங்களோ அங்கேயே திரும்ப ஆரம்பிக்கலாம்" என்றான்.

"இது உனக்கு எப்போதிருந்து தெரியும்?"

"ஸ்கூல்ல ஒரு பையன் சொன்னான். அதை வெச்சுத்தான் எட்டு-நாலு வரைக்கும் போனேன். அன்னிக்கு ராத்திரிதான் நீங்க ஒயரைப் பிடுங்கினீங்க."

அவன் குறையாகச் சொல்லவில்லை. மாத்திரை இருக்கிறதா என்று கேட்கும் அதே குரலில்தான் சொன்னான்.

எட்டு-நாலு

கடைசிக் கட்டமான 8-4 ஒரு புதிர்க்கோட்டை. 4-4, 7-4 ஆகியவையும் அப்படியே. சரியான வழியில் போகாவிட்டால் அதே இடம் திரும்பத் திரும்ப வரும். 8-4-இல் சரியான குழாயில் இறங்கினால்தான் அடுத்த பகுதி. தவறினால் பழைய இடத்துக்கே போவோம். வெளியே பார்ப்பவருக்குப் பையன் வெட்டியாக ஓடிக்கொண்டிருப்பதாகத் தோன்றும். உள்ளே அவன் ஒவ்வொரு குழாயாகச் சோதித்து, தவறானதை அடித்து, சரியானதைக் குறித்துக்கொண்டு வந்திருக்கிறான். இதைத்தான் வங்கியில் நாங்கள் தணிக்கை என்று சொல்லிச் சம்பளம் வாங்கினோம்.

அவன் படத்தை மடியில் வைத்துக்கொண்டு ஆடினேன். 4-4, 7-4 இரண்டையும் அந்தப் பென்சில் கோடுகளே கடக்க வைத்தன. 8-4-இல் கேள்விக்குறி இருந்த இடத்தில் நானும் நின்றுவிட்டேன். அங்கே ஒரு குழாய் அந்தரத்தில் நிற்கிறது, எட்டவில்லை. பல நாட்கள் முயன்றேன். ஒரு மாலை ஏதோ எரிச்சலில் வெற்றிடத்தில் தாவியபோது, மரியோவின் தலை எதிலோ முட்டி 'டொக்' என்றது. கண்ணுக்குத் தெரியாத கட்டி ஒன்று அங்கே ஒளிந்திருக்கிறது! அதை முட்டி வெளிப்படுத்தி, அதன்மேல் ஏறித்தான் குழாயை அடைய வேண்டும்.

மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நீருக்குள் நீந்தி, சுத்தியல்கள் வீசும் ஆமை அரசனைத் தாண்டி, பாலத்தை வீழ்த்தும் கோடரியைத் தொட்டேன். இளவரசி நன்றி சொன்னாள். அதோடு, இன்னும் கடினமான இரண்டாம் சுற்றும் உண்டு என்றாள். அது வேண்டாம் என்று கருவியை அணைத்தேன். உலகின் வேகமான ஆட்டக்காரர்கள் குறுக்கு வழிகளில் புகுந்து இதை ஐந்து நிமிடத்துக்குள் முடிக்கிறார்கள். எனக்கு நாலரை மாதம்.

பிறகு நோட்டை எடுத்து, மகன் பென்சிலால் வரைந்து நிறுத்திய இடத்திலிருந்து நீலப் பேனாவால் மீதி வழியை வரைந்தேன். கேள்விக்குறியை அழிக்கவில்லை. அதன் அருகே அந்த ஒளிந்த கட்டியை ஒரு சதுரமாகப் போட்டேன். படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அன்றிரவு அவனே போன் செய்தான். நாற்பது நிமிடம் பேசினோம். மாத்திரை பற்றிக் கேட்க மறந்துவிட்டான்.

நிழலோடு சண்டை

மழைக்காலத்தில் ஆடியது 'பிரின்ஸ் ஆஃப் பெர்சியா'. இது எனக்கு முன்பே பரிச்சயம். 1984-இல் ரங்கராஜன் குழு அறிக்கை தந்தபின், வங்கிக் கிளைகளுக்கு மெல்ல மெல்லக் கம்ப்யூட்டர் வரத் தொடங்கியது. தொண்ணூறுகளின் முதல் பாதியில் எங்கள் கிளையிலும் வந்தது. மதிய இடைவேளையில் இளைஞர்கள் கதவைச் சாத்திக்கொண்டு 'டேவ்', 'பிரின்ஸ்' ஆடுவார்கள். ஒருவர் வாசலில் காவல் நிற்பார். நான் பார்த்தும் பாராதவன் போலப் போய்விடுவேன். உழைக்கும் பிள்ளைகள், சற்று விளையாடட்டும் என்ற பெருந்தன்மை. வீட்டில் மட்டும் அது எங்கே போயிற்று என்று தெரியவில்லை. பழைய டாஸ் ஆட்டங்களை இன்றைய கம்ப்யூட்டரில் ஓடவைக்கும் மென்பொருள் இருப்பதால், இவற்றை ஆடுவது எளிதாயிற்று. ஜான் ரொமேரோ எழுதிய டேவ் பத்தே கட்டங்கள். ஒரு வாரத்தில் முடிந்தது.

பிரின்ஸ் அப்படியல்ல. ஜோர்டன் மெக்னர் என்ற அமெரிக்க இளைஞர், தம் தம்பியை வெள்ளை உடையில் ஓடவும் தாவவும் விட்டு வீடியோ எடுத்து, அதைப் பார்த்து ஒவ்வோர் அசைவாக வரைந்து, 1989-இல் ஆப்பிள் II கம்ப்யூட்டருக்காக வெளியிட்டார். இளவரசன் தாவும்போது ஒரு மனிதன் தாவுவதாகவே தோன்றுவதற்கு இதுவே காரணம். ஆட்டம் முழுவதற்கும் அறுபது நிமிடமே கெடு.

நான்காம் கட்டத்தில் ஒரு கண்ணாடி வழியை மறிக்கும். ஓடித் தாவி அதற்குள் புகுந்தால், மறுபுறம் நம் நிழல் தனி உருவாகப் பிரிந்து ஓடிவிடும். இன்னொரு பாத்திரத்தை வரைய நினைவகத்தில் இடம் இல்லாததால், இளவரசனின் படத்தையே சற்று நகர்த்தித் தன்மேல் போட்டுக் கழித்து இந்த நிழலை உண்டாக்கினார் மெக்னர். அந்த நிழல் நம் மருந்தைக் குடிக்கும், நம்மைப் பள்ளத்தில் தள்ளும். கடைசியில் வாளோடு எதிரே நிற்கும். அதைக் குத்தினால் நம் உயிரே குறைகிறது. எத்தனையோ முறை குத்தி, எத்தனையோ முறை செத்தேன்.

இதற்கு மகனிடம் கேட்கவில்லை. ஒருநாள் சலிப்போடு வாளை உறையில் போட்டேன். நிழலும் போட்டது. நடந்து போனேன். இரண்டும் ஒன்றாயின. ஆகஸ்டு இறுதியில், கெடு முடியச் சில நிமிடங்கள் இருக்கும்போது இளவரசியை அடைந்தேன்.

முடிவே இல்லாதவை

எல்லா ஆட்டத்துக்கும் முடிவு இல்லை. 1980-இல் தோரு இவாட்டானி உருவாக்கிய 'பாக்-மேன்' முடிவில்லாமல் ஓடவேண்டிய ஆட்டம். ஆனால் கட்ட எண்ணை ஒரே ஒரு பைட்டில் வைத்தார்கள். ஒரு பைட்டில் 255 வரைதான் எண்ண முடியும். ஆகவே 256-ஆம் கட்டத்தில் கடை இயந்திரத்தின் கணக்கு உடைந்து, திரையின் வலப்பாதி எழுத்துக் குப்பையாகிவிடும்.

அலெக்ஸி பஜித்னோவ் 1984-இல் மாஸ்கோவில் எழுதிய 'டெட்ரிஸ்' இன்னொன்று. விழும் துண்டுகளை அடுக்கி வரிசைகளைக் கரைக்க வேண்டும். இதில் ஒருவர் என்றென்றைக்கும் தோற்காமல் ஆட முடியுமா? முடியாது என்று ஹைடி பர்கீல் 1997-இல் கணித முறையில் நிறுவினார். கோணலான இரண்டு துண்டுகள் மாறி மாறி வந்துகொண்டே இருந்தால், எவ்வளவு திறமைசாலியும் ஒருநாள் தோற்பார். ஆயினும் 2023 டிசம்பரில் அமெரிக்காவின் ஒக்லஹோமாவைச் சேர்ந்த பதின்மூன்று வயதுச் சிறுவன் நிண்டெண்டோ டெட்ரிஸை அது செயலிழந்து உறையும் வரை ஆடினான். அதற்குமுன் மனிதர் யாரும் அதைச் செய்ததில்லை. அம்மாதம் காலமான தன் தந்தைக்கு அதைக் காணிக்கையாக்கினான். நான் பெட்டியைக் கண்டெடுத்த அதே ஜனவரியில்தான் இச்செய்தி பத்திரிகைகளில் வந்தது.

கணக்கு முடிப்பு

தீபாவளிக்கு மகன் குடும்பத்தோடு வந்தான். அவனும் நானும் 'பேட்டில் சிட்டி' ஆடினோம். 1985-இல் நாம்கோ வெளியிட்ட டாங்க் சண்டை. திரையின் அடியில் செங்கல் சுவருக்குள் ஒரு கழுகுச் சின்னம். அதுதான் நம் வீடு. கட்டத்துக்கு இருபது எதிரி டாங்குகள் வரும். இருவரும் சேர்ந்து கழுகைக் காக்க வேண்டும். 35 கட்டங்கள் முடிந்ததும் பழைய கட்டங்களே திரும்ப வரும்.

இதில் ஒரு விதி உண்டு. எதிரியின் குண்டு மட்டுமல்ல, நம் குண்டு பட்டாலும் கழுகு வீழும். காக்கும் அவசரத்தில் கீழ்நோக்கிச் சுட்டேன். ஆட்டம் முடிந்தது.

"நம்ம வீட்டை நீங்களே சுட்டுட்டீங்கப்பா" என்றான் மகன்.

"முன்னாடியும் ஒரு தடவை சுட்டிருக்கேன்" என்றேன்.

அவன் திரும்பிப் பார்த்தான். பிறகு சிரித்தான். "அப்போ எனக்குக் கணக்குல மார்க் குறைஞ்சதும் உண்மைதானேப்பா" என்று சொல்லி, ஸ்டார்ட் பட்டனை அழுத்தினான்.

ஒயரைப் பிடுங்கியதே தவறு என்று நான் சொல்ல மாட்டேன். பிள்ளைகள் படிக்கத்தான் வேண்டும். ஆனால் பிடுங்கும் முன் பக்கத்தில் உட்கார்ந்து, "எதுவரை போயிருக்கிறாய்?" என்று கேட்டிருக்கலாம். அந்தக் கட்டம் முடியும்வரை பத்து நிமிடம் பொறுத்திருக்கலாம். பேரக்குழந்தைகள் கையில் கைபேசியைப் பார்த்துக் கோபப்படும் நம் அன்பர்களுக்கு, ஓராண்டு உழைப்பில் நான் கண்டது இவ்வளவே.

2025 போகிக்கும் பரணைச் சுத்தம் செய்தேன். பெட்டி இப்போது பரணில் இல்லை, தொலைக்காட்சியின் கீழ் இருக்கிறது. பேட்டில் சிட்டியில் எந்தக் கட்டத்திலிருந்து வேண்டுமானாலும் தொடங்கலாம். தீபாவளி விடுமுறையில் 20 வரை போனோம். கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில், நீலப் பேனாக் கோடுகளுக்குக் கீழே, பேத்தி சிவப்பு ஸ்கெட்ச் பேனாவால் '21' என்று எழுதி வட்டம் போட்டு வைத்திருக்கிறாள். மே விடுமுறையில் அங்கிருந்து தொடங்குவதாக ஏற்பாடு.